கேட்போர், களன், காலம்: காலடிப்பேட்டையை முன்வைத்துச் சிற்றலை வானொலிக் கேட்பறிக்கைகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் ஒலிபரப்பு வரலாறு இதுவரை பெரும்பாலும் ஒலிபரப்பியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அயல்நாட்டு நிலையங்களைச் சிற்றலையில் கேட்டவர்கள் அந்நிலையங்களுக்கு எழுதிய கேட்பறிக்கைகளை ஓர் உரைநடை வகையாகக் கொண்டு, தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கேட்போர், களன், காலம், முன்னம் ஆகிய உறுப்புகளின் துணையுடன் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. 'நேயர்' என்னும் சொல் கேட்பவரின் அன்பை முன்னிறுத்தி, அவர் ஆற்றிய சான்றுப் பணியைப் பின்தள்ளியது என்பது இதன் வாதம். வடசென்னையின் துறைமுக, ஆலைப் பகுதி இவ்வாதத்திற்குக் களனாகிறது.

திறவுச்சொற்கள்: சிற்றலை, நேயர், கேட்பறிக்கை, தமிழோசை, இலங்கை வானொலி, செய்யுளியல், காலடிப்பேட்டை.

முன்னுரை

சென்னையின் ஆளுநராக 1717 முதல் 1720 வரை இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் திருவொற்றியூரை அடுத்து அமைந்த நெசவாளர் குடியிருப்பு, மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. எழுத்தைக் கண்டு பெயர்த்திருந்தால் இப்பெயர் தோன்றியிராது. காதில் விழுந்த அயலொலியைத் தமக்குப் பொருள்படும் ஒரு சொல்லோடு சேர்த்துக் கேட்டவர்கள் ஆக்கிய பெயர் இது. இன்று மெட்ரோ நிலையத்தின் பலகையிலும் அதுவே நிற்கிறது. காலெட்டை நினைப்போர் அரியர். அயலொலியைக் கேட்பவர் அதை வாளா ஏற்பதில்லை, தம் இடத்திற்கும் மொழிக்கும் ஏற்ப முடித்துக்கொள்கிறார் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டில் இதே பகுதிக்கு வேறொரு வகை அயலொலி வந்தது. அது கடல்வழி வரவில்லை, வான்வழி வந்தது.

சென்னையில் வானொலியின் தொடக்கம் பலராலும் எழுதப்பட்டுள்ளது. 1924இல் சென்னை மாகாண வானொலி மன்றம், 1930இல் மாநகராட்சியின் ஒலிபரப்பு, 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் என்னும் வரிசை நன்கு அறியப்பட்டது. மாநகராட்சி ஒலிபரப்பு பூங்காக்களிலும் கடற்கரையிலும் நிறுவிய ஒலிபெருக்கிகள் வழியே பொதுமக்களை எட்டியது. அங்குக் கேட்டல் கூட்டுச் செயல். சிற்றலைக் கேட்பின் இயல்பு வேறு. இரவில், வீட்டின் ஒரு மூலையில், திருகியைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தனியொருவர் தேடிக் கண்டடையும் ஒலி அது. இவ்வேறுபாட்டை வரலாற்றெழுத்து போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

கவனிக்காமைக்குக் காரணம் உண்டு. தமிழ் ஒலிபரப்பு குறித்த நூல்களும் நினைவுக் குறிப்புகளும் குரல்களைச் சுற்றியே அமைகின்றன. இலங்கை வானொலி என்றால் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்னும் பெயர்கள் வருகின்றன. கேட்டவர்கள் 'இலட்சக்கணக்கானோர்' என்னும் ஒற்றைச் சொல்லில் முடிந்துபோகின்றனர். சோ. சிவபாதசுந்தரத்தின் 'ஒலிபரப்புக்கலை' (1954) இத்துறையின் முன்னோடி நூல். இலங்கையிலும் இலண்டனிலும் பணியாற்றியவர், பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவராக அறியப்படுபவர் எழுதியது. அதன் தலைப்பே கலையை ஒலிபரப்பும் தரப்பில் வைக்கிறது. ஒலிபரப்பாளரைப் பயிற்றுவிக்க அந்நூல் எழுந்த காலத்தில் அது பொருத்தமே. ஆனால் அதற்கு இணையாகக் கேட்கும் கலை பற்றிய நூலொன்று பின்வந்த காலத்தில் எழாமற்போனது குறையே.

கேட்போர் என்னும் உறுப்பு

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளை வகுக்கிறது. மாத்திரை, அசை, சீர் போன்ற ஒலி உறுப்புகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். கேட்பவரைப் பாட்டின் புறத்தே நிறுத்தாமல் அதன் உறுப்பாகவே எண்ணியது இம்மரபு.

இக்கருத்தை வானொலிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. செய்யுளியலின் கேட்போர் பாட்டினுள் கேட்கும் மாந்தர்: தலைவியின் கூற்றைத் தோழி கேட்பாள், தோழியின் கூற்றைத் தலைவன் கேட்பான். பாட்டைக் கற்கும் வாசகரோ அவையோரோ அங்குக் குறிக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை மறந்து பழந்தமிழ் இலக்கணத்திலேயே இன்றைய வாசகர் கோட்பாடு உண்டென்று நிறுவ முயலும் கட்டுரைகள் பெருகிவிட்டன. அவ்வரிசையில் இன்னொன்று தேவையில்லை. இங்குப் பொருத்தம் வேறிடத்தில் உள்ளது. அறிவிப்பாளர் 'அன்பார்ந்த நேயர்களே' என்று விளிக்கும் கணத்தில், விளிக்கப்படுபவர் நிகழ்ச்சிக்குள் வரும் மாந்தராகிவிடுகிறார். அவருடைய பெயரும் ஊரும் நிகழ்ச்சியில் வாசிக்கப்படுகையில் அது மேலும் உறுதியாகிறது. இலங்கை வானொலியின் பாடல் விருப்ப நிகழ்ச்சிகளில் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் அடுக்கி வாசிக்கப்பட்ட முறை இதற்குத் தக்க சான்று. பாடல் மூன்று நிமிடம்; அதற்கு முன்வரும் பெயர்வரிசையைத் தம் பெயருக்காகக் காத்துக் கேட்டவர் பலர். கேட்போர் அங்குப் பாட்டின் உறுப்பாகவே நின்றனர்.

இலங்கை வானொலி தமிழகத்தில் பெற்ற இடத்திற்கு இந்திய அரசின் கொள்கையும் ஒரு காரணம். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஒதுக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காகக் கொழும்பு அருகே எக்கலையில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப்பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. படைவீரருக்காக எழுந்த கருவி திரைப்பாட்டைக் கடல்கடந்து அனுப்பியது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கியது இதற்கான மறுமொழி என்பதில் வரலாற்றாசிரியரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கேட்போர் திருகியைத் திருப்பியதால் ஓர் அரசின் கொள்கை மாறியது. எனினும் அக்கதையிலும் கேட்டவர் எவரும் பெயரோடு வருவதில்லை.

நேயர் என்னும் சொல்

இதழைப் படிப்பவர் வாசகர். திரைப்படம் பார்ப்பவர் ரசிகர். வானொலி கேட்பவர் நேயர். இம்மூன்றில் முதலாவது செயலைக் குறிக்கிறது, இரண்டாவது சுவையைக் குறிக்கிறது, மூன்றாவது உறவைக் குறிக்கிறது. இந்தி ஒலிபரப்பில் வழங்கும் 'ஷ்ரோதா' என்பதற்குக் கேட்பவர் என்றே பொருள். தமிழ் மட்டும் 'கேட்போர்' என்னும் சொல்லைக் கையில் வைத்திருந்தும் நேயம் கொண்டவர் என்று அழைத்தது. பின்னர்த் தொலைக்காட்சியும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டது.

அழகிய சொல்தான். ஆனால் அது செய்யும் வேலை எளிதன்று. ஒரு நாட்டின் அரசு தன் கொள்கையைப் பிறநாட்டு மக்களிடம் கொண்டுசெல்ல நடத்துவதே பன்னாட்டு ஒலிபரப்பு. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதத்தில், போர்க்காலத்தில் தொடங்கியது. அடுத்த ஆண்டே எதிரணியின் பக்கமிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் இந்த் வானொலி ஒலிக்கத் தொடங்கியது; அது பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று. பீக்கிங் வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963 ஆகஸ்டில், எல்லைப்போர் முடிந்து ஓராண்டு நிறையுமுன் தொடங்கப்பட்டது. மாஸ்கோவுக்கும் ஒரு தமிழ் இருந்தது; மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி கத்தோலிக்கத் திருச்சபையின் தமிழைக் கொண்டுவந்தது. இவை ஒவ்வொன்றும் கேட்பவரை 'நேயர்' என்றே அழைத்தன. போரிட்ட தரப்புகள் இரண்டும் ஒரே கேட்பவரை ஒரே அன்புச் சொல்லால் அழைத்ததில் உள்ள முரண் சுட்டத்தக்கது.

அச்சொல்லுக்கேற்ற கடிதங்களும் எழுதப்பட்டன. நிகழ்ச்சியைப் பாராட்டல், அறிவிப்பாளரின் தமிழைப் போற்றல், நேயர் மன்றச் செய்தி, பொங்கல் வாழ்த்து ஆகியன அவற்றின் வழக்கமான பகுதிகள். சீன வானொலித் தமிழ்ப் பிரிவில் சீனர்களே தமிழ் கற்றுத் தமிழ்ப் பெயர் சூடி அறிவிப்பாளராக இருந்தனர். அவர்களுடைய உச்சரிப்பைப் பாராட்டுவது அக்கடிதங்களில் நிலைபெற்ற ஒரு துறையே ஆயிற்று. பொது அறிவுப் போட்டிகளும், வென்றவர்க்குச் சீனப் பயணம் என்னும் பரிசும் இக்கடிதப் பெருக்குக்குத் துணைநின்றன. நிலையங்கள் கடிதங்களை எண்ணின. எண்ணிக்கையே ஒரு மொழிப்பிரிவின் ஆயுளுக்கு அரணாயிற்று. இவ்வாறு எண்ணப்பட்ட கடிதங்களை வரலாற்றாசிரியரும் எண்ணிவிட்டு நகர்ந்துவிட்டனர்.

அறிக்கையின் உரைநடை

பாராட்டுக் கடிதத்தோடு ஒரே உறையில் பலமுறை சென்றது இன்னொரு தாள். ரிசப்ஷன் ரிப்போர்ட் என்று நேயர்களிடையே வழங்கும் கேட்பறிக்கை அது. நாள், நேரம், அலைவரிசை, வானொலிப் பெட்டியின் வகை, வான்கம்பியின் நீளம், கேட்ட நிகழ்ச்சியின் விவரம், ஒலியின் தரம் ஆகியவற்றை அது கொண்டிருக்கும். தரத்தைக் குறிக்க 'சின்போ' என்னும் ஐந்திலக்க முறை பயன்பட்டது: ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலை பரவலின் நிலை, மொத்த மதிப்பு என்னும் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 1 வரை எண் இடப்படும். 5 நன்று, எண் குறையக் குறையக் கேட்பு மங்கும். 43433 என்று எழுதினால் ஒலி வலிமையானது, குறுக்கீடு ஓரளவு உண்டு, இரைச்சல் குறைவு, அலை சற்றே தளர்ந்தது, மொத்தத்தில் கேட்கத்தக்கது என்பது பொருள். அறிக்கை சரியெனக் கண்டால் நிலையம் உறுதிப்படுத்தி அனுப்புவது கியூ.எஸ்.எல். அட்டை.

இதன் உரைநடை கவனத்திற்குரியது. முதலாவதாக, காலம். அறிக்கை உலகப் பொது நேரத்தில் எழுதப்பட வேண்டும். தமிழோசை இந்தியாவில் இரவு 9.15க்குக் கேட்டது, தாளில் அது 15.45. ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து எழுதும் பழக்கம் தன் இரவை இன்னொருவர் கடிகாரத்தில் வைத்துப் பார்க்கும் பயிற்சியாகும். நள்ளிரவுக்குப்பின் கேட்டதற்கு நாளையும் ஒன்று குறைக்க வேண்டும்.

இரண்டாவதாக, சான்று. உண்மையிலேயே கேட்டதற்கு அடையாளமாக நிகழ்ச்சியின் விவரத்தை நிமிடக் கணக்கில் தர வேண்டும்: இந்த நிமிடத்தில் செய்தி தொடங்கியது, இன்ன தலைப்பு, ஆண்குரல், பின் பெண்குரல், இசை, நிறைவு அறிவிப்பு. அடைமொழிக்கு இங்கு இடமில்லை. தமிழ்க் கடித மரபு நலம் விசாரித்தலையும் புகழ்ச்சியையும் பெருக்கி வளர்த்தது. இத்தாளில் அவை இரண்டும் இல்லை. கேட்காத இடத்தைக் கேட்கவில்லை என்று எழுதுவதே இவ்வகையின் அறம். பாராட்டுக் கடிதம் எழுதிய அதே கை, மறுதாளில் இரைச்சலுக்கு 2 இட்டது. ஒருவரே நேயராகவும் சான்றாளராகவும் அமர்ந்து எழுதிய இவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றிக் கேட்பவரின் முழு உருவம் கிடைக்காது.

மூன்றாவதாக, முன்னம். இன்னார், இன்னாரிடம், இன்ன இடத்தில், இன்ன காலத்தில் கூறுவது இது என்று கூற்றைக் கொண்டே உய்த்துணர்வதை இலக்கணம் முன்னம் என்கிறது. சிற்றலையில் ஒரு குரல் பாதியில் எழுந்து பாதியில் அமிழும். நிலையத்தின் பெயர் அறிவிக்கப்படும் கணத்தில் ஒலி மங்கிவிடுவது வழக்கம். அப்போது முகப்பிசையின் ஒரு துணுக்கு, அறிவிப்பாளரின் உச்சரிப்பு, நேரம், அலைவரிசையின் பட்டை ஆகியவற்றைக் கொண்டு இது எந்நிலையம் என்று கேட்பவர் முடிவுசெய்கிறார். ஐயமிருப்பின் ஐயத்தையும் பதிகிறார். பாடவேறுபாடுகளுக்கிடையே பாடத்தைத் தெளியும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது தொலைவில் இல்லை. இத்தகைய கேட்பைத் தமிழகத்தில் இயக்கமாக வளர்த்ததில் சென்னையிலிருந்து வெளிவந்த 'சர்வதேச வானொலி' இதழுக்குப் பங்குண்டு.

இவ்வகையை மிகைப்படுத்திப் போற்றவும் கூடாது. அட்டை பெறுவதற்காகவே 55555 என்று எழுதி அனுப்பியவர்கள் உண்டு. தொலைதூர நிலையங்களைத் தேடும் டி.எக்ஸ். நேயர்க்கு நிகழ்ச்சியின் பொருள் ஒரு பொருட்டாக இருக்கவேண்டியதில்லை. அறியா மொழியில் பத்து நிமிடம் கேட்டுப் பதிந்தால் அவர்க்குப் போதும். கேட்டதன் உள்ளடக்கத்தைப் புறக்கணிக்கும் கேட்பு ஒருவகையில் அஞ்சல்தலை சேகரிப்பே என்னும் குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அக்குற்றச்சாட்டு தமிழ் ஒலிபரப்புகளைக் கேட்டவர்க்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. ஈழப்போர் ஆண்டுகளில் ஒரே மாலையில் கொழும்பு, சென்னை, இலண்டன் மூன்றையும் திருகித் திருகிக் கேட்டு, ஒரு நிகழ்வை மூவர் எவ்வாறு சொல்கின்றனர் என்று ஒப்பிட்டவர்க்கு அலைவரிசை அறிவும் செய்தி அறிவும் ஒன்றே. 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியின் மறைவை அகில இந்திய வானொலி மாலையில் அறிவிக்குமுன்பே பிபிசியில் கேட்டறிந்தவர்களின் நிலையும் அதுவே.

களனும் இரைச்சலும்

கேட்பறிக்கையின் களன் மூன்றாகப் பிரிகிறது: பேசும் அறை, ஒலிபரப்பி நிற்கும் இடம், கேட்கும் இடம். பொதுவாகக் கேட்பவர் முதலாவதை மட்டுமே அறிவர். 'இலண்டன் வானொலி' என்றால் குரல் இலண்டனிலிருந்து வருவதாகவே எண்ணம். பிபிசியின் ஆசிய ஒலிபரப்புகளுக்குச் சிங்கப்பூரின் கிராஞ்சி போன்ற அஞ்சல் நிலையங்கள் இருந்தன என்பதும், எந்த அலைவரிசை எங்கிருந்து எழுகிறது என்பதும் அறிக்கை எழுதுவோர் தேடி அறிந்தவை. இலண்டனின் குரலைச் சிங்கப்பூர் அனுப்ப, அதைச் சென்னை கேட்டது. பேரரசின் தகவல் வலை எவ்வாறு இயங்கியது என்பதை இவர்கள் நூலில் கற்கவில்லை. ஒலியின் தரத்தில் கற்றனர்.

மூன்றாவது களனுக்கு வரும்போது வடசென்னை தன் இயல்போடு நுழைகிறது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, விம்கோ தீப்பெட்டி ஆலை, மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் என ஆலைகள் அடர்ந்த பகுதி இது. ஆலை மோட்டார்களும் உயரழுத்த மின்தடங்களும் சிற்றலையில் இடையறா இரைச்சலை எழுப்பும். கடற்காற்றின் உப்பு மின்கம்பங்களின் பீங்கான் குமிழ்களில் படிந்தால் நுண்பொறிகள் தெறித்து, அவ்விரைச்சல் வெடிப்பொலியாகப் பெருகும். நல்ல மழை கழுவிச் சென்றபின் சிலநாள் தணியும். மின்வெட்டு வந்தால் தெருவே இருளும்; மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டரிலோ தொலைநிலையங்கள் தெளிந்து ஒலிக்கும். அண்டைவீட்டார் மின்வாரியத்தை வையும் அதே வேளையில் சிற்றலை நேயர் காதைக் கூர்மையாக்கியிருப்பார்.

பெட்டிகளும் இப்பகுதியின் வரலாற்றோடு பிணைந்தவை. 1969இல் துறைமுகத்தை ஒட்டிப் பர்மா பஜார் அமைந்தபின், கப்பல்வழி வந்த ஜப்பானியப் பெட்டிகள் எளிய வருவாயினர் கைக்கும் எட்டின. பல சிற்றலைப் பட்டைகள் கொண்டவை அவை. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமமின்றிப் பெட்டி வைத்திருத்தல் குற்றம். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் முறை 1980களில் நீங்கும்வரை தொடர்ந்தது.

வானத்தின் களனும் உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ஏவுகணைத் தளம் அமைந்ததற்குக் காரணமும் அதுவே. இக்கோட்டை அடுத்த பகுதிகளில் கதிரவன் மறைந்தபின் அயனிமண்டலம் கலங்கி, சிற்றலை ஒலி விரைந்து நடுங்கும். ஐரோப்பிய நேயரின் கையேடு கூறும் மங்கலும் காலடிப்பேட்டை நேயர் கேட்கும் மங்கலும் ஒன்றல்ல. ஆகவே சின்போவின் மூன்றாம், நான்காம் எண்கள் நிலையத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மூன்றாம் எண் ஆலைப் பகுதியின் மின்சூழலைப் பேசுகிறது. நான்காம் எண் அதன் மேலுள்ள வானைப் பேசுகிறது. ஓரிடத்தில் இருபது ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்ட அறிக்கைகள் கிடைக்குமாயின், அவ்விடம் எவ்வாறு இரைச்சல்மயமாயிற்று என்பதற்கு வேறெந்த ஆவணமும் தராத சான்று கிடைத்ததாகும். சூழலியல் வரலாற்றாளர் எவரும் இவ்வழியில் தேடியதாகத் தெரியவில்லை.

எஞ்சியவை

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றது. வெரித்தாஸ் அடுத்த ஆண்டு சிற்றலையை விட்டு இணையத்திற்குச் சென்றது. நிறைவு நாட்களில் எழுந்த இரங்கற் கட்டுரைகள் அனைத்தும் குரல்களுக்கே இரங்கின.

எஞ்சிய பொருள்களின் பரவல் விந்தையானது. பாராட்டுக் கடிதமும் கேட்பறிக்கையும் அயல்நாடு சென்றன. மறுமொழியாக அட்டை வீடு வந்தது. கடிதம் ஓரிடத்திலும் அதன் விடை வேறிடத்திலும் கிடக்க, உரையாடல் இரண்டாகப் பிளந்துள்ளது. வீட்டில் இருக்கும் அட்டையோ வண்ணப்படம் கொண்டது. பெருஞ்சுவரும் கடிகாரக் கோபுரமும் அச்சிட்டது. பிள்ளைகள் அதைப் படத்துக்காக எடுத்துவைக்கின்றனர், கண்காட்சியில் வைப்பவரும் படப்பக்கத்தையே காட்டுகின்றனர். நாளும் நேரமும் அலைவரிசையும் எழுதிய பின்பக்கம் சுவரை நோக்கித் திரும்பியிருக்கிறது.

அட்டையோடு அடுக்கில் இருப்பது நேயரின் சொந்தப் பதிவேடு. அனுப்பிய ஒவ்வோர் அறிக்கையின் மூலக்குறிப்பும் அதில்தான் உண்டு: கோடிட்ட பள்ளி நோட்டு, கட்டம் கட்டமாக எண்கள், ஓரத்தில் 'மழை', 'கரன்ட் இல்லை' என்னும் குறிப்புகள். உறுதிப்படுத்தப்படாத, அட்டை வராத கேட்புகளும் அங்கு மட்டுமே பதிவாகியுள்ளன. நூலகப் பகுப்பில் இதற்கு இடம் காண்பது கடினம். கடிதத்தில் சேராது, நாட்குறிப்பென்றால் எழுதியவரைப் பற்றி ஒருவரியும் இல்லை, அறிவியற் பதிவென்றால் கருவி அளவீடு செய்யப்பட்டதன்று. வீடு மாறும்போது அட்டைகள் பெட்டிக்குள் போகின்றன; நோட்டு, பிள்ளைகளின் பழைய பாடநோட்டுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டு எடைக்குப் போகிறது.